கனடாவின் வடமேற்கில் கார்பன் வரி நீங்கியபின்: கஜானா, மானியம், டீசல்

வடதிசை:
கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகள் அரசு 2019 செப்டம்பர் 1 முதல் தன் சொந்தச் சட்டத்தின் கீழ் கார்பன் வரி (எரிபொருளை எரித்தால் வரும் கரியமில வாயுவுக்கான வரி) வசூலித்தது. 2025 ஏப்ரல் 1 முதல் பொதுமக்களுக்கு அந்த வரி இல்லை. ஒரு கையால் வாங்கி மறு கையால் தள்ளுபடியாகத் திருப்பிக் கொடுத்த வரி எதற்கு? அது போனதால் பட்ஜெட்டில் ஓட்டை விழுமா? டீசல் மின்சாரத்தில் வாழும் சிற்றூர்களில் அதனால் ஒரு லிட்டராவது குறைந்ததா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கேடு:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். ஒரு லிட்டர் டீசலை எரித்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். அந்த வாயு டன்னுக்கு 20 டாலர் என்று வரி தொடங்கியபோது லிட்டருக்கு ஐந்தரை சென்ட். 2024ல் டன்னுக்கு 80 டாலர் ஆனபோது ஏறக்குறைய 21 சென்ட். குளிருக்கு வருடம் 3,000 லிட்டர் எண்ணெய் எரிக்கும் வீட்டுக்கு, விலக்கு எதுவும் இல்லாவிட்டால், அந்த விகிதத்தில் 640 டாலர் கூடுதல்.

தொடக்கத்தில் வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கு, வாங்கும் இடத்திலேயே வரி முழுக்கத் தள்ளுபடி ஆனது. அதனால் பில்லில் வரியின் சுவடே தெரியாது. விலை உறைத்தால்தானே ஆள் மாறுவான் என்பது ஒட்டாவாவின், அதாவது மத்திய அரசின், வாதம். 2023 ஏப்ரலிலிருந்து அத்தகைய தள்ளுபடிக்கு இடமில்லை என்று மத்திய அரசு விதி வைத்தது. பிறகு, 2024 ஏப்ரலில் சூடாக்கும் எண்ணெய்க்கு விலக்கு வரும்வரை, முழு வரியும் பில்லில் ஏறியது. அதற்கு ஈடாக வாழ்க்கைச் செலவு ஈட்டுத்தொகையைக் கூட்டி, ஊர் இருக்கும் மண்டலத்தைப் பொறுத்துக் கொடுத்தார்கள். வருமான வரம்பு கிடையாது, ஆனால் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால்தான் கிடைக்கும். பல ஏழைக் குடும்பங்கள் கணக்கே தாக்கல் செய்வதில்லை. யாருக்குப் பணம் அதிகம் தேவையோ அவர்கள்தான் விடுபட்டார்கள். இந்தத் திட்டத்தின் மிகப் பெரிய குறை இதுதான் என்பேன்.

இன்னொன்று: 2025ல் போனது நுகர்வோர் பகுதி மட்டுமே. சுரங்கம் போன்ற பெரிய தொழில்களுக்குக் கார்பன் விலை வைக்க வேண்டும் என்ற மத்திய விதி அப்படியே இருக்கிறது.

மானியக்காரர்:
பட்ஜெட்டில் ஓட்டை விழுமா என்றால், கார்பன் வரியால் பெரிதாக விழாது. வசூலில் பெரும்பங்கு எப்படியும் தள்ளுபடியாகவும் ஈட்டுத்தொகையாகவும் வெளியே போய்க்கொண்டிருந்தது. வரி நின்றதும் அந்த ஈட்டுத்தொகைக்கும் வேலை இல்லாமல் போகிறது. கஜானாவைத் தாங்குவது ஒட்டாவா கொடுக்கும் நிலப்பகுதி நிதி மானியம். 2024-25ல் மூன்று வட நிலப்பகுதிகளுக்கும் சேர்த்து அது சுமார் 520 கோடி டாலர்.

மானியக் கணக்கு இப்படி: நிலப்பகுதி அரசின் செலவுத் தேவைக்கு ஓர் அடித்தளத் தொகை. அது ஆண்டுதோறும் இரண்டு காரணிகளால் வளரும். ஒன்று, நாடெங்கும் மாகாண, உள்ளாட்சி அரசுகளின் செலவு எவ்வளவு கூடுகிறது என்பது. மற்றது, நிலப்பகுதியின் மக்கள்தொகை கனடாவோடு ஒப்பிட்டால் எப்படி வளர்கிறது என்பது. அந்தத் தொகையிலிருந்து சொந்த வரித் திறனில் 70 சதவீதத்தைக் கழித்தால் மீதி மானியம். திறன் ஒரு டாலர் உயர்ந்தால் மானியத்தில் 70 சென்ட் குறையும். கையில் நிற்பது 30 சென்ட்.

சுமார் 45,000 பேர் மட்டுமே வாழும் இடத்தில், சுரங்கம் மூடிச் சில நூறு குடும்பங்கள் தெற்கே போனாலே அடித்தளத்தின் வளர்ச்சி அடிவாங்கும். டையாவிக் வைரச் சுரங்கம் 2026ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. எனவே நிதித் துறை கவலைப்பட வேண்டியது அதைப் பற்றித்தான். வரித் திறன் குறைந்தால் மானியம் ஏறி ஈடுகட்டும், ஆனால் மூன்று ஆண்டுச் சராசரியில் பார்ப்பதால் தாமதமாகத்தான் ஏறும். இடைப்பட்ட ஆண்டுகளில் கடன் வாங்கலாம் என்றால் அதற்கும் உச்சவரம்பை வைப்பது மத்திய அமைச்சரவை.

வடதிசை:
அப்படியானால் எரிபொருள் வரியை ஏற்றினால் 70 சதவீதம் ஒட்டாவாவுக்கே போய்விடுமா?

மானியக்காரர்:
போகாது. பலரும் இங்கேதான் குழம்புகிறார்கள். கழிப்பது உண்மையான வசூலை அல்ல, *திறனை*. அதாவது இங்கே விற்கும் டீசல் மீது நாட்டின் சராசரி வரி விகிதம் விதித்திருந்தால் எவ்வளவு வந்திருக்குமோ அதை. எனவே விகிதத்தை ஏற்றி வரும் பணம் அநேகமாக முழுதும் கையில் நிற்கும். வடமேற்கில் விற்பனை வரியே கிடையாது, மத்திய அரசின் 5 சதவீதம் மட்டும்தான். ஆனால் 2 சதவீதச் சம்பள வரி உண்டு. ஆல்பர்ட்டாவிலிருந்து விமானத்தில் வந்து சுரங்கத்தில் வேலை பார்த்துத் திரும்புபவர்கள் வருமான வரியைத் தாங்கள் குடியிருக்கும் மாகாணத்துக்கே கட்டுவார்கள். அவர்களிடமிருந்து ஏதாவது பெற அரசுக்கு இருக்கும் முக்கிய வழி இந்தச் சம்பள வரிதான்.

மின்பொறி:
டீசல் குறைந்ததா என்ற கேள்விக்கு வருகிறேன். தலைநகர் யெலோநைஃப் ஸ்னேர் நீர்மின் நிலையங்களாலும் தெற்கு ஊர்கள் டால்ட்சன் நீர்மின் நிலையத்தாலும் ஓடுகின்றன. சிறிய ஊர்களில் பெரும்பாலும் டீசல் ஜெனரேட்டர். ஒரு லிட்டருக்கு மூன்றரை யூனிட் போல மின்சாரம். டன்னுக்கு 80 டாலர் வரி முழுவதும் கட்டணத்தில் சேர்ந்தால் யூனிட்டுக்கு ஆறு சென்ட் ஏறும். மாற்று எதுவும் இல்லாத ஊரில் அது செலவாக மட்டுமே மிஞ்சும்.

சூரியத் தகடு போடலாமே என்பீர்கள். ஜெனரேட்டரைத் தன் திறனில் சுமார் 30 சதவீதத்துக்குக் கீழே நெடுநேரம் ஓட்டக் கூடாது. எரியாத எரிபொருளும் கரியும் சிலிண்டரிலும் புகைக்குழாயிலும் படியும். பகலில் தகடு அதிகம் கொடுத்தால் அதுவே நடக்கும். மேலும் யூனிட் விற்பனை குறைந்தாலும் நிலையத்தின் ஆள்கூலி, பராமரிப்புச் செலவு குறையாது. அது மிச்சமிருக்கும் நுகர்வோர் தலையில் விழும். அதனால் ஊருக்கு எவ்வளவு தகடு என்பதற்கு வரம்பு வைக்கிறார்கள். பேட்டரியும், குறைந்த சுமையைத் தாங்கும் சிறிய ஜெனரேட்டரும் சேர்த்து வாங்கினால்தான் அந்த வரம்பைத் தாண்ட முடியும்.

வெப்பத்துக்கு வடமேற்கில் நன்றாக வேலை செய்தது மரத்துகள் உருண்டைக் கொதிகலன். ஒரு டன் உருண்டை 470 லிட்டர் எண்ணெய்க்குச் சமம். பள்ளி, அலுவலகம் போன்ற அரசுக் கட்டடங்களில் வைத்தார்கள். ஆனால் ஆண்டு முழுவதும் சாலை இருக்கும் ஊருக்குத்தான் கட்டுபடியாகும். கொட்டகையில் ஈரம் ஏறினால் உருண்டை பொடிந்து, அதைக் கொதிகலனுக்கு ஊட்டும் சுழல் திருகு அடைத்துக்கொள்ளும். எனவே சேமிப்புக் கிடங்குக்கும் உள்ளூரில் பழுது பார்க்கத் தெரிந்த ஒருவருக்கும் முதல் மதிப்பீட்டிலேயே பணம் ஒதுக்க வேண்டும். பழைய எண்ணெய்க் கொதிகலனையும் கழற்றாமல் வையுங்கள். மைனஸ் 40ல் திருகு நின்றால் சில மணி நேரத்தில் தண்ணீர்க் குழாய்கள் உறைந்து வெடிக்கும்.