நாளை வேர்ல்ட் சீரிஸின் முதல் பந்து யெசாவேஜ் கையில்

வியாழன், 23 அக்டோபர் 2025

அண்ணா: அறிவித்துவிட்டார்கள். நாளை இரவு வேர்ல்ட் சீரிஸ், அதாவது பேஸ்பால் இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தைத் தொடங்கி வீச எங்கள் ரொறன்ரோ ப்ளூ ஜேஸுக்கு ட்ரே யெசாவேஜ், லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு பிளேக் ஸ்னெல். சனிக்கிழமை காஸ்மன், எதிரே யமமோட்டோ.

தங்கச்சி: யெசாவேஜ்!!!! நான் ஞாயிறே சொன்னேன் தானே

மாமி: 22 வயதுப் பிள்ளையையா வேர்ல்ட் சீரிஸ் முதல் நாளே இறக்குகிறார்கள்? காஸ்மன் தானே அணியின் மூத்த ஆள்? எனக்கு இப்பவே நெஞ்சு படபடக்கிறது.

சித்தப்பா: அக்கா, பயப்படாதேங்கோ. நாட்களை எண்ணிப் பாருங்கோ. காஸ்மன் திங்கட்கிழமை சியாட்டிலுடன் அரையிறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் நடுவில் வந்து ஒரு இன்னிங்ஸ் வீசினவர். பீபரும் அன்றுதான் வீசினவர். யெசாவேஜ் ஞாயிற்றுக்கிழமை ஆறாவது ஆட்டத்தை வீசிக் காப்பாற்றினவர், நாளையுடன் அவருக்கு வழமையான நாலு நாள் ஓய்வு சரியாக முடிகிறது. நாளை வீசினால் ஐந்தாவது ஆட்டத்துக்கும் அவரே திரும்பி வரலாம், ஆறாவதுக்குக் காஸ்மன். எங்கள் மனேஜர் ஷ்னைடர் கணக்குப் பார்த்துத்தான் செய்திருக்கிறார்.

பெரியம்மா: தம்பி, இந்த ஸ்டார்ட்டர் என்பவர் ஆட்டம் முழுக்க வீசுவாரா? பிறகு ஏன் இத்தனை பேர்? நாளைக்கு உங்களோடு இருந்து பார்க்கிறபோது எனக்கும் விளங்க வேண்டும்.

நான்: பெரியம்மா, ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிறவர் அவர். இரண்டு அணியும் ஒவ்வொரு தடவை பேட் பண்ணினால் ஒரு இன்னிங்ஸ், அப்படி ஒன்பது இன்னிங்ஸில் ஐந்து ஆறு வரை, கிட்டத்தட்ட 90, 100 பந்து வீசுவார். பிறகு புல்பென்னில், அதாவது மாற்றுப் பிட்சர்களின் கூட்டத்தில் இருந்து ஒவ்வொருவராக வருவார்கள். அவ்வளவு வேகத்தில் வீசினால் கை தாங்காது, அதனால் குறைந்தது நாலு நாள் ஓய்வு. அதனால்தான் ஏழு ஆட்டத் தொடருக்கு நாலு ஸ்டார்ட்டர்களைச் சுழற்றுகிறார்கள், யாருக்கு எதிரே யார் வருகிறார் என்று இரண்டு நாளாக ஊரே கதைக்கிறது.

அண்ணா: இப்போதைய காலத்தில் முழு ஆட்டம் வீசுவது அபூர்வம் பெரியம்மா. ஆனால் சனிக்கிழமை எங்களுக்கு எதிரே வருகிற யமமோட்டோ போன வாரம் அவர்களின் அரையிறுதித் தொடரில் மில்வாக்கியுடன் அதைத்தான் செய்தார். முதல் பந்திலேயே ஹோம் ரன் (எங்கள் சிக்ஸர் மாதிரி) கொடுத்தார், அதற்குப் பிறகு ஒன்பது இன்னிங்ஸும் தானே வீசி வேறு ரன்னே கொடுக்கவில்லை. ப்ளேஆஃப்பில், அதாவது சீசனுக்குப் பிறகான ஆட்டங்களில், ஒருவர் முழு ஆட்டம் வீசியது 2017-க்குப் பிறகு அதுதான் முதல் தடவை. ஸ்னெல் அதற்கு முதல் நாள் எட்டு இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட் (அடித்து பேஸ் சேர்வது). கிளாஸ்னோ அடுத்தது. பிறகு ஓடானி ஆறு இன்னிங்ஸ் ரன் கொடுக்காமல் வீசி 10 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் ஆளை வெளியேற்றுவது), அதே ஆட்டத்தில் தானே மூன்று ஹோம் ரன் அடித்தார். மில்வாக்கி நாலு ஆட்டத்திலும் சேர்த்து எடுத்தது நாலே நாலு ரன். நான் ப்ளூ ஜேஸ் ஆள்தான், ஆனாலும் சொல்கிறேன், இப்படி நாலு ஸ்டார்ட்டர்கள் ஒன்றாக நின்ற அணியை நான் பார்த்ததில்லை.

மாமி: ஓடானி பேரைச் சொல்லாதே. 2023 டிசம்பரில் ரொறன்ரோவுக்கு விமானத்தில் வருகிறார் என்று அந்த வெள்ளிக்கிழமை முழுக்க எங்களை நம்ப வைத்தார்கள், கடைசியில் விமானத்தில் இருந்தது வேறு ஆள். அடுத்த நாளே 10 வருடம் 700 மில்லியன் டாலர் என்று டாட்ஜர்ஸுக்குப் போனார். எனக்கு இன்னும் ஆறவில்லை.

தங்கச்சி: மாமி அவர் நாளைக்கும் பேட் பண்ணுவார், செவ்வாய்தான் வீசுவார். நாலாவது ஆட்டம், அவர்களுடைய ஊரில்

சித்தப்பா: எல்லோரும் பிட்சருக்கு எதிரே பிட்சர் என்று பார்க்கிறீர்கள். ஸ்னெல்லும் யெசாவேஜும் ஒருவரை ஒருவர் சந்திக்கவே போவதில்லை. ஸ்னெல் சந்திக்கப் போவது எங்கள் பேட்டர்களை, ஸ்பிரிங்கரை, விளாடியை, கேர்க்கை. இந்த சீசனில் 30 அணிகளில் மிகக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆன அணி எங்களுடையது. மில்வாக்கியை ஆட்டிய மாதிரி எங்களை ஆட்ட முடியாது. ஸ்னெல் பெரிய ஆள், 2018-இலும் 2023-இலும் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினவர், ஆனால் அவர் ஸ்ட்ரைக் சோனுக்கு வெளியே போட்டு ஆட்களைத் துரத்த வைக்கிற பிட்சர். துரத்தாமல் நின்றால் வாக் (நாலு வெளிப் பந்துக்கு இலவசமாக முதல் பேஸ்) கொடுப்பார். இரண்டு ஸ்ட்ரைக் வந்த பிறகும் கோட்டுக்கு வெளியே ஃபவுல் அடித்து அடித்து நீட்டினால் ஐந்தாவது இன்னிங்ஸிலேயே 90 பந்து தாண்டிவிடுவார்.

அண்ணா: தாண்டினால் என்ன சித்தப்பா? அடுத்தவர் வருவார்.

சித்தப்பா: அதுதான் நான் சொல்ல வருகிறேன். யார் வருவார்? டாட்ஜர்ஸின் புல்பென் இந்த வருடம் முழுக்கத் தடுமாறினது. கடைசி இன்னிங்ஸுக்கு நம்புகிறவர் சசாகி, அவரே ஸ்டார்ட்டராக வந்து காயப்பட்டுப் பிறகு அங்கே மாறினவர். மில்வாக்கியுடன் அந்த ஓட்டை வெளியே தெரியவில்லை, ஸ்டார்ட்டர்கள் அவ்வளவு தூரம் வீசினார்கள். நாங்கள் ஸ்னெல்லை ஆறாவதில் வெளியே எடுத்துவிட்டால் அவர்களின் மனேஜர் ராபர்ட்ஸ் அந்தக் கதவைத் திறக்கத்தான் வேண்டும். இந்தத் தொடர் முழுக்க நான் பார்க்கப் போவது ஸ்டார்ட்டர் எத்தனை பந்து வீசிவிட்டார் என்ற அந்த ஒரு எண்ணைத்தான்.

நான்: ஸ்னெல் 2020 வேர்ல்ட் சீரிஸிலும் இதே டாட்ஜர்ஸுக்கு எதிராக வீசினவர் தானே? டாம்பா பேக்காக. ஆறாவது ஆட்டத்தில் அவ்வளவு நன்றாக வீசிக்கொண்டிருந்தவரை 73 பந்துடன் வெளியே எடுத்தார்கள், உடனே டாட்ஜர்ஸ் முன்னுக்கு வந்து கோப்பையை வாங்கிவிட்டது.

அண்ணா: ஓம். இப்போது அவர்களின் சட்டையையே போட்டுக்கொண்டு வருகிறார். இந்தத் தடவை அவரைச் சீக்கிரம் எடுக்க மாட்டார்கள்.

பெரியம்மா: சரி, எங்கள் பெடியன் எப்படி? அவரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே

தங்கச்சி: பெரியம்மா நான் சொல்கிறேன்!! போன வருட டிராஃப்ட்டில், அதாவது இளம் வீரர்களைத் தெரிவு செய்வதில், 20-ஆவது ஆளாக எடுத்தார்கள். இந்த ஏப்ரலில் அவர் மைனர் லீக்கின் கீழ் மட்டத்தில், புளோரிடாவில் டனீடன் அணியில். அங்கிருந்து வான்கூவர், நியூ ஹாம்ப்ஷயர், பஃபலோ, பிறகு ரொறன்ரோ, எல்லாம் ஒரே சீசனில். செப்டம்பர் 15 தான் மேஜர் லீக்கில் முதல் ஆட்டம், அன்றைக்கே 9 ஸ்ட்ரைக் அவுட். வழமையான சீசனில் மொத்தமே மூன்று ஆட்டம்தான் வீசினவர். பிறகு ப்ளேஆஃப்பில் யாங்கீஸ்!! ஐந்து இன்னிங்ஸுக்கு மேல், ஒரு ஹிட்கூட இல்லை, 11 ஸ்ட்ரைக் அவுட்

தங்கச்சி: அவர் பந்தை விடுகிற இடம் நிலத்தில் இருந்து ஏழு அடிக்கு மேலே. கை நேரே தலைக்கு மேலே போய் இறங்கும். அப்படி வருகிற பந்தை இவர்கள் அதிகம் பார்த்ததில்லை. நான் சாஃப்ட்பால் கீழே இருந்து வீசுகிறேன், அதனால்தானோ தெரியாது, அவர் வீசுவதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பேன்

மாமி: அந்தக் கீழே விழுகிற பந்து என்னது, விளாசிவிட்டு எல்லோரும் முழிக்கிறார்களே

அண்ணா: ஸ்பிளிட்டர் மாமி. பந்தை இரண்டு விரலுக்கு நடுவே பிளந்து பிடிப்பது. கிரிக்கெட்டில் வேகப் பந்துவீச்சாளர் அதே கை வீச்சில் மெதுவான பந்தைப் போட்டு ஏமாற்றுவதைப் போலத்தான். வேகப் பந்து வருகிறது என்று மட்டையை விடுவார்கள், பந்து கடைசி நேரத்தில் காலடியில் விழும். காஸ்மனும் பல வருடமாக அதை வைத்துத்தான் பிழைக்கிறார். ஆனால் ஒன்று, சியாட்டிலுடன் இரண்டாவது ஆட்டத்தில் யெசாவேஜ் 5 ரன் கொடுத்ததையும் மறக்க வேண்டாம். ஸ்பிளிட்டர் கீழே விழாமல் நடுவில் நின்றால் ஓடானியும் ஃப்ரீமனும் விட மாட்டார்கள்.

சித்தப்பா: அது சரி. ஆனால் அதே அணியை ஒரு வாரத்தில் திரும்பச் சந்தித்து, தோற்றால் வீட்டுக்கு என்ற ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸில் தொடர்ந்து டபுள் பிளே (ஒரே அடியில் இரண்டு பேரை அவுட் ஆக்குவது) எடுத்துக் கரையேறினார். அந்த வயதில் அந்த நிதானம் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் அவரை நம்புகிறேன்.

நான்: லாஸ் ஏஞ்சலஸில் யார்? மூன்றாவதும் நாலாவதும்?

அண்ணா: அவர்களுக்கு கிளாஸ்னோ, பிறகு ஓடானி. எங்களுக்கு ஷெர்சரும் பீபரும்தான் மிச்சம். என்னைக் கேட்டால் மூன்றாவதுக்கு பீபர். ஷெர்சருக்கு 41 வயது, யாங்கீஸ் தொடரில் பட்டியலிலேயே அவர் பேர் இல்லை.

மாமி: ஷெர்சரைப் பற்றி அப்படிச் சொல்லாதே மகன். சியாட்டிலில் ஷ்னைடர் அவரை மாற்ற பிட்சர் நிற்கிற மேட்டுக்கு வந்தபோது முகத்துக்கு நேரே கத்தித் திருப்பி அனுப்பினாரே! நான் சோபாவில் இருந்து எழும்பிக் கைதட்டினேன். பிறகு அந்த ஆளை ஸ்ட்ரைக் அவுட்டும் ஆக்கினார். மூன்று சை யங், 2019-இலும் 2023-இலும் வேர்ல்ட் சீரிஸ் வென்ற ஆள். இப்படி ஒருவரை எதற்கு வாங்கினார்கள்? இதற்குத்தானே.

சித்தப்பா: அக்கா சொல்வதுதான் சரி. அதோடு பீபர் திங்கட்கிழமைதான் வீசினார், முழங்கை அறுவைச் சிகிச்சை முடிந்து ஆகஸ்டில்தான் திரும்பி வந்தவர். அவருக்கு ஒரு நாள் கூடுதலாகக் கிடைக்கட்டும். ஷெர்சர் 16-ஆம் திகதி வீசினவர், கை ஆறியிருக்கும்.

சித்தப்பா: இன்றைக்கு என்ன நாள் என்று பார்த்தீர்களா? 1993 அக்டோபர் 23. ஜோ கார்ட்டர் ஹோம் ரன் அடித்து எங்களுக்கு வேர்ல்ட் சீரிஸ் வென்று தந்த நாள். அந்தத் தொடரில் ஐந்தாவது ஆட்டம் பிலடெல்பியாவின் ஷில்லிங் தனியாக நின்று முழுவதும் வீசி எங்களை 2-0 என்று முடித்தார், ஆறாவதில் எங்கள் டேவ் ஸ்டூவர்ட் 5-1 என்று முன்னுக்கு இருந்தும் ஏழாவது இன்னிங்ஸில் டைக்ஸ்ட்ரா அடித்த ஹோம் ரன்னோடு எல்லாம் தலைகீழானது, 6-5 என்று பின்னால் போய்விட்டோம். பிறகு ஒன்பதாவதில் அவர்களின் கடைசி ஆள் மிட்ச் வில்லியம்ஸ் வந்தார், ஹென்டர்சனுக்கு வாக், மொலிட்டருக்கு ஹிட், கார்ட்டர் இடது பக்கச் சுவருக்கு மேலால் தூக்கினார். அன்று தொடங்கிய பிட்சர்கள் இரண்டு பேரும் அதற்கு எவ்வளவோ முன்பே இறங்கிவிட்டார்கள். ரொறன்ரோவில் வெலஸ்லியில் ஒரு அறையில் ஏழு பேர் சின்னத் தொலைக்காட்சியில் பார்த்தோம், பாதிப் பேருக்கு விதிகூடத் தெரியாது, ஆனால் எல்லோரும் கத்தினோம். அதனால்தான் சொல்கிறேன், ஸ்டார்ட்டரை வெளியே எடுங்கோ, மிச்சம் தானாக வரும்.

பெரியம்மா: எனக்கு இப்போது கொஞ்சம் விளங்குகிறது. ஸ்னெல் எத்தனை பந்து என்று நானும் எண்ணுகிறேன்.

அண்ணா: திரையில் மூலையில் போடுவார்கள் பெரியம்மா, எண்ணத் தேவையில்லை. என் கணக்கு ஏழு ஆட்டம், நாளை நாங்கள், சனி யமமோட்டோ. யமமோட்டோவை இரண்டு தடவை வெல்வது கஷ்டம், அதனால் மற்ற ஐந்தில் நாலு வேண்டும்.

தங்கச்சி: ஆறில் நாங்கள்!!!

சித்தப்பா: நானும் ஆறுதான்.

மாமி: ஆட்டம் 8 மணிக்கு. ஏழு மணிக்கே வந்துவிடுங்கோ, தெருவில் கார் விட இடம் இருக்காது. ரோல்ஸ் நான் செய்கிறேன், யாராவது கொத்துரொட்டி எடுத்துக்கொண்டு வாருங்கோ. பெரியம்மாவை யார் ஏற்றுகிறீர்கள்?

நான்: நான் ஏற்றுகிறேன் மாமி. 6:30 பெரியம்மா, தயாராக இருங்கோ.