தோள்மூட்டு இறுகிப் போச்சு: கையை ஆட்டுவதா, ஆட்டாமல் வைத்திருப்பதா?

உப்புவெளி மகள்:
எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 53 வயது, சீனி வருத்தம் இருக்கிறது, குளிசையில் ஓரளவு கட்டுப்பாட்டில் இருக்கிறது. மாசிக்குப் பிறகு வலது தோள் நோகத் தொடங்கியது. விழவும் இல்லை, பாரம் தூக்கவும் இல்லை. முதலில் பனடோல் போட்டால் அடங்கியது, இப்போது இரவில்தான் நோ கூட, அந்தப் பக்கம் புரண்டால் எழும்பி இருந்து அழுகிறார். சட்டைக்குப் பின்னால் கொக்கி பூட்ட முடியவில்லை, தலை இழுப்பதென்றால் வலது முழங்கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டுதான்.

டொக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பில் ஒன்றும் இல்லை, ஃப்ரோசன் ஷோல்டர், மூட்டுக்குள் ஒரு ஸ்டீரொயிட் ஊசி போடலாம் என்றார். ஊசி போட்டால் சீனி ஏறும் என்று அம்மா மாட்டேன் என்கிறார். பக்கத்து வீட்டு அன்ரி, ஒரு முறிவு நெரிவுக்காரர் ஒரே இழுவையில் எடுத்து விடுவார் என்கிறார். பெரியம்மா, கையைக் கட்டித் தொங்கவிடு, அசைக்காதே என்கிறார். எதைக் கேட்பது?

மூதூர் ஃபிசியோ:
தங்கச்சி, முதல் வேலை, யாரிடமும் இழுக்கக் கொடுக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். தோள்மூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய உறை இருக்கிறது, கை கீழே தொங்கும்போது அது அக்குள் பக்கம் மடிந்து கிடக்கும், கையை உயர்த்த அந்த மடிப்பு விரிந்து இடம் கொடுக்கும். இந்த வருத்தத்தில் உறை அழற்சி கண்டு, தடித்து, சுருங்கிப் போகிறது. அதாவது எலும்பு விலகவும் இல்லை, நரம்பு பிசகவும் இல்லை, இழுத்துச் சரிக்கட்ட அங்கே எதுவுமே கிடையாது. வலிந்து இழுத்தால் நோ இன்னும் ஏறும், மேற்கை எலும்பு உடையவும் கூடும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். அம்மா முழங்கையை விலாவோடு ஒட்டி மடித்து வைத்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்பட்டும். பிறகு நீங்கள் பிடித்து மெதுவாகத் திருப்புங்கள். இரண்டு முறையும் ஒரே இடத்தில் முட்டி நின்றால் பெரும்பாலும் உறைதான். தசைநார் கிழிந்திருந்தால் அவரால் முடியாது, ஆனால் நீங்கள் திருப்பினால் போகும். மூட்டுத் தேய்மானத்திலும் இப்படி முட்டும், அதைப் பார்க்கத்தான் எக்ஸ்ரே எடுத்தார்கள்.

இந்த வருத்தம் மூன்று கட்டமாகப் போகும். முதலில் நோ, அது சில மாதம். அடுத்து நோ குறைந்து இறுக்கம் மட்டும். அப்புறம் மெல்ல மெல்ல இளகும். எல்லாம் சேர்த்து ஒன்று முதல் மூன்று வருடம் வரை இழுக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அம்மா நோக் கட்டத்தில் இருக்கிறார், ஊசி நன்றாக வேலை செய்வதும் இந்தக் கட்டத்தில்தான், வெறும் இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகு போட்டால் அவ்வளவு பலன் இல்லை.

கட்டித் தொங்கவிடவும் வேண்டாம், அசையாமல் வைத்தால் இறுக்கம் கூடும். இப்போதைக்கு இடது கையை மேசையில் ஊன்றி, கொஞ்சம் குனிந்து, வலது கையைத் தளரவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்டட்டும். தும்புத்தடிப் பொல்லை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் நோகும் கையை வெளிப்பக்கம் மெதுவாகத் தள்ளலாம். செய்த பிறகு நோ கொஞ்ச நேரத்தில் அடங்கினால் சரி. அன்றிரவு நித்திரை கெட்டால் அளவுக்கு மிஞ்சிச் செய்திருக்கிறார், அடுத்த நாள் பாதியாகக் குறையுங்கள்.

கிண்ணியா ரீச்சர்:
மகள், உம்மாட வயதுக்காரி நான், எனக்கும் சீனிதான், இடது தோளில் வந்தது. ஊசிக்கு நானும் பயந்தேன். போட்ட அடுத்த நாளே சீனி ஏறியது உண்மை, ஆனால் டொக்டரிடம் முதலே சொல்லி வைத்திருந்ததால் குளிசையைக் கூட்டித் தந்தார், கிட்டத்தட்ட ஒரு கிழமையில் பழையபடி வந்துவிட்டது. அந்தக் கிழமைதான் நான் எத்தனையோ நாளைக்குப் பிறகு விடியும் வரை படுத்தேன். கை உடனே மேலே போகவில்லை, அதை எதிர்பார்க்க வேண்டாம். நோ அடங்கியதால் பயிற்சி செய்ய முடிந்தது, அதுதான் பெரிய உதவி.

படுக்கும்போது நிமிர்ந்து படுத்து, முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை வைத்துக் கொடுங்கள், கை பின்னுக்கு விழாமல் இருக்கும். சட்டை போடும்போது நோகும் கையை முதலில் நுழைக்கச் சொல்லுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியாக. முன்பக்கம் பூட்டும் சட்டை இரண்டு தைத்துக் கொடுத்தால் உம்மாவுக்கு மனசும் லேசாகும், ஒவ்வொரு நாளும் மற்றவரைக் கூப்பிட்டுக் கொக்கி பூட்டுவது சரியான கவலை.

உப்புவெளி மகள்:
ரீச்சர், அண்ணா, ரெண்டு பேருக்கும் நன்றி. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஊசிக்கு அரைமனதாகச் சம்மதித்திருக்கிறார். பெரியம்மா இப்போது கன்னியா வெந்நீர்க் கிணற்றில் குளிக்கச் சொல்கிறார். அது சரிவருமா? ஒபரேஷன் வரை போகுமா என்றும் அம்மா கேட்கிறார்.

மூதூர் ஃபிசியோ:
கன்னியாவில் தாராளமாகக் குளிக்கட்டும். சூடு தசையைத் தளர்த்தும், நோவுக்கு இதம், பயிற்சிக்கு முன்னால் என்றால் இன்னும் நல்லது. ஆனால் சுருங்கிய உறை வெந்நீரில் இளகாது. சீனி இருப்பதால் வீட்டில் ஒத்தடம் கொடுத்தால் சூட்டை உங்கள் கையால் பார்த்துக் கொடுங்கள், தோல் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சுட்டது தெரியாது.

ஒபரேஷனைப் பற்றி இப்போது யோசிக்கவே தேவையில்லை. பிரிட்டனில் 503 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2020இல் வெளியானது, மயக்கி வைத்துக் கையை அசைத்து விடுவது, துளைவழிச் சத்திரசிகிச்சை, ஊசியோடு சேர்ந்த ஃபிசியோ என்று மூன்றையும் ஒப்பிட்டார்கள், ஒரு வருட முடிவில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாதக்கணக்கில் முயன்றும் கை அசையவே இல்லை என்றால் பார்த்துக்கொள்ளலாம். சீனிக்காரருக்குக் கொஞ்சம் கூட நாள் எடுக்கும், அதையும் அம்மாவிடம் மறைக்காமல் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு மாதத்தில் மனம் விட்டுவிடுவார்.

தைரொயிட் இதுவரை பார்க்கவில்லை என்றால் இரத்தப் பரிசோதனையில் அதையும் கேளுங்கள், இந்த வருத்தத்துக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. டைக்ளோஃபெனக் போன்ற நோக்குளிசையைக் கடையில் வாங்கித் தொடர்ந்து கொடுக்காதீர்கள், சிறுநீரகம் பாவம். தோள் நோவோடு நெஞ்சிறுக்கம், வியர்வை, மூச்சு வாங்கல் எது வந்தாலும் இது தோள் வருத்தம்தான் என்று இருந்துவிடாமல் உடனே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கள்.

ஊசிக்குப் போகும்போது சீனிக் கொப்பியைக் கட்டாயம் கொண்டு போங்கள். கடைசியாக எடுத்த அளவு கூடுதலாக இருந்தால் அதை இறக்கிவிட்டுப் போடலாம் என்று டொக்டர் நாள் தள்ளக்கூடும், அதற்காகப் போகாமல் விட்டுவிட வேண்டாம்.