ஜார்ஜ் மைக்கன்: ஆட்ட விதிகளையே மாற்ற வைத்தவரா?

கேள்வி:
1940களில் தொழில்முறைக் கூடைப்பந்துக்கு வந்த ஜார்ஜ் மைக்கனால்தான் விதிகள் மாறின என்கிறார்கள். இது மிகையா, உண்மையா?

மறுமொழி 1:
பெருமளவு உண்மையே. 6 அடி 10 அங்குல உயரமும் கண்ணாடியுமாக இருந்த அவரை, டிபால் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் ரே மேயர் கயிறு தாண்டவும் நடனமாடவும் வைத்து, இரு கைகளாலும் பந்தைக் கூடையிலிடப் பழக்கினார். பின்னர் மினியாபோலிஸ் லேக்கர்ஸ் அணியில் அவர் கூடையருகே நின்றால் தடுக்க ஆளில்லை என்றானதால், 1951இல் கூடைக்கு முன்னுள்ள தடப்பரப்பின் (தாக்கும் அணி வீரர் மூன்று வினாடிக்கு மேல் நிற்கக் கூடாத பகுதி) அகலம் 6 அடியிலிருந்து 12 அடியாக்கப்பட்டது.

மறுமொழி 2:
1950 நவம்பர் 22 ஆட்டத்தையும் சேர்க்க வேண்டும். அவரிடம் பந்து போகாதிருக்க ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் வீரர்கள் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நேரத்தைக் கடத்தி 19–18 என வென்றனர். லேக்கர்ஸின் 18 புள்ளிகளில் 15 மைக்கனுடையவை. (பார்வையாளர்கள்தாம் பாவம்!) ஆனால் 1954இல் வந்த 24 வினாடி விதிக்கு (பந்து கிடைத்த அணி அந்நேரத்துக்குள் கூடையை நோக்கி எறிய வேண்டும்) அவர் ஒருவரையே காரணமாக்குவது சரியன்று, நேரங்கடத்தல் அப்போது பல அணிகளின் வழக்கமாக இருந்தது.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அவ்விதி வந்த பிறகு அவர் ஆடினாரா?

மறுமொழி 1:
1954இல் ஓய்வு பெற்றவர், 1955–56 பருவத்தில் திரும்பி வந்து 37 ஆட்டங்கள் மட்டும் ஆடினார். பழைய வேகம் இல்லை.