குக்கல் (கக்குவான் இருமல்) ஊசியை மாற்றினால் மற்ற ஊசிகளின் பலன் குறையுமா?

களுவாஞ்சிக்குடி_தாய்:
பிள்ளைக்கு 2ஆம் மாத பென்டா (குக்கலோடு சேர்த்து ஐந்து நோய்க்கான ஒரே ஊசி) கிளினிக்கில் போட்டாச்சு. அடுத்த நாள் முழுக்கக் காய்ச்சல், தொடையில் வீக்கம். 4ஆம் மாதத்துக்கு மட்டக்களப்பு டவுனில் காய்ச்சல் குறைவான ஆறுகூட்டு ஊசியைக் காசுக்குப் போடலாமா என்று வீட்டில் கேட்கிறாங்க. அப்படி மாற்றினால் அதோடு சேர்ந்து வாற ஹிப் (மூளைக்காய்ச்சல் தரும் ஒரு கிருமிக்கு எதிரான மருந்து), ஹெப்படைட்டிஸ் பி எல்லாம் சரியாகப் பிடிக்குமா?

கல்முனை_டொக்டர்:
மாற்றலாம் தங்கச்சி. ஆனால் ஹிப்பை மட்டும் கவனிக்க வேணும்.

கிளினிக் பென்டாவில் குக்கல் கிருமியைக் கொன்று முழுசாகவே சேர்த்திருக்கு. அதன் மேலுறையில் உள்ள நச்சுப்பொருள்தான் காய்ச்சலையும் வீக்கத்தையும் தருவது. அதே பொருள்தான் கூட இருக்கிற மற்ற மருந்துகளுக்கும் பிள்ளையின் உடம்பைத் தட்டி எழுப்பிவிடுவது. ஆறுகூட்டில் இருப்பது கிருமியிலிருந்து பிரித்தெடுத்த இரண்டு மூன்று புரதம் மட்டும். காய்ச்சல் குறையும், அந்த உசுப்பலும் குறையும்.

இதில் அடிபடுவது ஹிப்தான். ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் 0.15 மைக்ரோகிராம் எதிர்ப்புப்பொருள் இருந்தால் உடனடிக் காப்பு, 1 மைக்ரோகிராம் இருந்தால் நீண்டகாலக் காப்பு. முதல் அளவைப் பெரும்பாலான பிள்ளைகள் தாண்டிவிடும், இரண்டாவதில்தான் பின்தங்குது. பிரித்தானியாவில் அப்போ 2, 3, 4 மாதங்களில் மட்டும்தான் ஊசி, பிறகு பூஸ்டர் (காப்பைக் கூட்டப் போடும் ஊசி) இருக்கவில்லை. 2000-2001இல் முழுக்கிருமி ஊசிக்குத் தட்டுப்பாடு வந்து இந்தப் புரத வகையைப் போட்டாங்க. இரண்டும் சேர, ஹிப் மூளைக்காய்ச்சல் திரும்ப ஏறினது. 2003இல் சின்னப் பிள்ளைகளுக்கு மேலதிக ஊசி போட்டு, 2006இல் 12ஆம் மாத பூஸ்டரை வழமையான அட்டவணையில் சேர்த்தாங்க. ஹெப்படைட்டிஸ் பி, ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் பற்றிப் பயம் வேண்டாம்.

மட்டு_மிட்வைஃப்:
காய்ச்சல் மட்டும்தான் காரணம் என்றால் பென்டாவையே தொடரலாம் மகள். ஊசிக்கு முன்னே பரசிட்டமோல் பாணி கொடுக்காதீங்க. காய்ச்சல் வருமுன்னே கொடுத்த பிள்ளைகளுக்கு எதிர்ப்புப்பொருள் குறைந்ததை 2009இல் வெளிவந்த செக் நாட்டு ஆய்வு காட்டினது. ஹிப்பும் அதில் அடக்கம். காய்ச்சல் வந்த பிறகு, 5 கிலோ பிள்ளைக்கு, 5 மில்லிலீற்றரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் 2.5 மில்லிலீற்றர், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருக்கா. வீங்கின இடத்தில் எண்ணெய் பூசித் தடவ வேண்டாம். மூன்று மணித்தியாலம் விடாமல் அழுதாலோ, வெளிறித் துவண்டாலோ, வலிப்பு வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி. அப்படி ஏதும் நடந்திருந்தால் அடுத்த ஊசிக்கு முன்னே கட்டாயம் சொல்லுங்க.

பார்மசி_அக்கரைப்பற்று:
சில ஆறுகூட்டு ஊசியில் ஹிப் தனிக் குப்பியில் வெள்ளைத் தூளாக வரும். சிரிஞ்சில் இருக்கிற மருந்தைக் குப்பிக்குள் விட்டு, தூள் அடியோடு கரையும்வரை குலுக்கி, திரும்ப இழுத்துத்தான் போட வேணும். தூளை மறந்தால் ஹிப் உடம்புக்குள் போகவே இல்லை. உங்கட கண்ணுக்கு முன்னால் கலக்கச் சொல்லுங்க. பார்மசியில் வாங்கிக் கொண்டுபோறது என்றால் 2 தொடக்கம் 8 பாகை. ஐஸ்கட்டி பெட்டியில் நேரே படக்கூடாது. உறைந்த ஊசி வீண்.

களுவாஞ்சிக்குடி_தாய்:
4, 6 இரண்டுக்கும் ஆறுகூட்டு போட்டிட்டு, 18ஆம் மாதம் கிளினிக்குக்கே வந்தால்?

கல்முனை_டொக்டர்:
அங்கதான் இடிக்குது. 18ஆம் மாதம் கிளினிக்கில் போடுவது முக்கூட்டும் (குக்கல், ஏற்புவலி, தொண்டைக்கரப்பான் ஊசி) போலியோ சொட்டும், ஹிப் கிடையாது. ஆறுகூட்டுக்கு மாறினால் 18ஆம் மாதமும் ஹிப் உள்ள ஊசியையே போடுங்க. அந்தச் செலவையும் இப்பவே கணக்கில் சேர்த்துப் பார்த்து முடிவெடுங்க. ஒவ்வொரு முறையும் ஊசியின் பெயர், தொகுதி இலக்கம், திகதி மூன்றையும் பிள்ளையின் கார்டில் எழுதுவித்து, மிட்வைஃபிடம் காட்டுங்க.