எப்போதாவது வரும் ஒற்றைத் தலைவலி: மாத்திரையை எப்போது போடுவது?

சாரல் கேட்டது:

மருத்துவரைப் பார்த்து, மைக்ரேன்தான் என்று உறுதியாகிவிட்டது. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவைதான் வருகிறது என்பதால் தினமும் போடும் தடுப்பு மருந்து இப்போது வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார். கையில் இருப்பவை பாராசிட்டமால் 500, சுமாட்ரிப்டான் 50. லேசாகத் தொடங்கும்போதே போட வேண்டுமா, கொஞ்சம் படுத்துப் பார்த்துவிட்டுப் போடலாமா? ஒரு தடவை கேட்கிற மாத்திரை அடுத்த தடவை கேட்பதே இல்லை, ஏன்? குமட்டல் வந்துவிட்டால் எப்படிச் சமாளிப்பது?

அரைமாத்திரை:

படுத்துப் பார்க்க வேண்டாம், உடனே போடுங்கள். மைக்ரேன் தொடங்கினால் தலை மட்டுமல்ல, வயிறும் மந்தமாகிவிடும். விழுங்கிய மாத்திரை குடலுக்கு இறங்காமல் இரைப்பையிலேயே கிடக்கும், ரத்தத்தில் சேர நேரமாகும். அதோடு, வலி முற்ற முற்ற நரம்புகளின் உணர்திறன் ஏறிக்கொண்டே போகிறது. தலை வாரினால், மூக்குக்கண்ணாடி பட்டால்கூட வலிக்கிறது என்றால் அந்தக் கட்டம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகு போடும் ட்ரிப்டானுக்கு (சுமாட்ரிப்டான் இந்த வகை மைக்ரேன் மருந்துதான்) பலன் குறைவு. ஒரு தடவை கேட்டு மறு தடவை கேட்காததற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். மாத்திரை அதேதான், போட்ட நேரம்தான் வேறு.

அளவையும் பாருங்கள். ஈரல் கோளாறு இல்லாத, 50 கிலோவுக்கு மேல் எடையுள்ள பெரியவருக்கு பாராசிட்டமால் 500 ஒன்று என்பது அரை டோஸ், 1000 மி.கி. வேண்டும். ஐபுபுரூஃபன் 400, நாப்ராக்சன் 500, ஆஸ்பிரின் 900 ஆகியவை பொதுவாக மைக்ரேனுக்கு அதைவிட நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம் உள்ளவர்களும் ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைத் தொடக் கூடாது. ஆஸ்பிரின் 16 வயதுக்குக் கீழே கூடவே கூடாது.

சுமாட்ரிப்டானை வலி தொடங்கியதும் போட வேண்டும். கண்ணில் நெளிகோடும் மினுக்கமும் மட்டும் தெரியும் ஆரா கட்டத்தில் போட்டுப் பயனில்லை. வலி அடங்கித் திரும்பவும் தலைதூக்கினால், குறைந்தது 2 மணி நேரம் இடைவெளி விட்டு இன்னொன்று போடலாம். முதல் மாத்திரை துளியும் கேட்கவில்லையென்றால் அதே வலிக்கு இரண்டாவதை வீணாக்காமல் வேறு வகை வலிநிவாரணிக்குப் போங்கள். கழுத்திலும் மார்பிலும் சற்று நேரம் இறுக்கமாக இருப்பது இந்த மருந்தில் பலருக்கும் நடப்பதுதான். ஆனால் இதயநோய், பக்கவாதம் வந்தவர்களுக்கும் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இந்த மருந்தே ஆகாது.

சாரல்:

நன்றி. ஆனால் லேசாக வலிக்கும்போதெல்லாம் போட்டால் அளவு மீறிப் போகாதா? மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும் என்கிறார்களே.

நாட்குறிப்பு:

நியாயமான பயம். அதில் எண்ண வேண்டியது எத்தனை மாத்திரை என்பதை அல்ல, எத்தனை நாள் என்பதை. ஒரே நாளில் இரண்டு போட்டாலும் கணக்குக்கு ஒரு நாள். ட்ரிப்டான், எர்கோட்டமின் என்ற பழைய மைக்ரேன் மருந்து, கோடீன் போன்ற ஓபியாய்டுகள் (அபின் வகை வலிநிவாரணிகள்), பல மருந்து கலந்த மாத்திரைகள் என்றால் மாதத்தில் 10 நாள். பாராசிட்டமால், ஐபுபுரூஃபன் போன்றவை என்றால் 15 நாள். இந்த அளவை எட்டியோ தாண்டியோ 3 மாதத்துக்கு மேல் போனால் மருந்தே தலைவலியை நிலைக்க வைக்கும் ஆபத்து உண்டு. வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் போகவில்லையென்றால் எந்த வகையிலும் எல்லைக்குள்தான் இருக்கிறீர்கள்.

எல்லாத் தலைவலிக்கும் போடச் சொல்லவில்லை, மைக்ரேனுக்கு மட்டும். வெளிச்சம் உறுத்துகிறதா, குமட்டுகிறதா, வேலையைத் தொடர முடியவில்லையா என்று மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இரண்டுக்கு ஆம் என்றால் அநேகமாக அதுதான். படியேறினாலோ குனிந்தாலோ வலி கூடுவதும் ஒரு அடையாளம். கண்ணில் நீர் வடிவதையும் மூக்கடைப்பையும் வைத்து சைனஸ் என்று முடிவுகட்டிவிடாதீர்கள், மைக்ரேனிலும் இவை வரும்.

தொடங்கிய நேரம், மாத்திரை போட்ட நேரம், 2 மணி நேரம் கழித்து வலி பத்துக்கு எத்தனை, மறுநாள் திரும்பியதா: இந்த நான்கை மட்டும் எழுதினால் போதும். பத்துப் பதினைந்து கட்டம் போட்ட அட்டவணையை யாரும் இரண்டு வாரத்துக்கு மேல் நிரப்புவதில்லை. சரியான அளவில், சரியான நேரத்தில், மூன்று தடவையாவது போட்டுப் பார்க்காமல் ஒரு மருந்தைக் கேட்காத மருந்து என்று ஒதுக்காதீர்கள். வலி மாதத்தில் 4 நாளைத் தொட்டால் தடுப்பு மருந்து பற்றி மறுபடி பேச வேண்டிய நேரம்.

வெள்ளெருக்கு:

குமட்டலுக்கு வர்றேன். மெட்டோகுளோபிரமைட் 10 மி.கி. இல்ல டோம்பெரிடோன் 10 மி.கி. எழுதித் தரச் சொல்லி டாக்டர்கிட்ட கேளுங்க. வாந்திய நிறுத்துறது ஒரு பக்கம், மந்தமான வயித்தையும் நகர்த்திவிடும். அதனால கூடப் போட்ட வலி மாத்திரையும் சீக்கிரம் வேலை செய்யும். வாந்தியே இல்லாதவங்களுக்கும் இது உதவும்ங்கிறது பலருக்குத் தெரியாது. நாக்குல கரையுற ட்ரிப்டான் வாயிலேயே ரத்தத்துல சேர்ந்துடும்னு நினைக்காதீங்க. தண்ணி இல்லாம போடலாம், அவ்வளவுதான். அதுவும் வயித்துக்குப் போய்த்தான் ஆகணும். நிஜமாவே வாந்தி எடுக்கிறவங்களுக்கு மூக்குல அடிக்கிற ஸ்பிரே, இல்லன்னா தோலுக்கடியில போடுற ஊசி.

ஐஸ் பொதியைத் துணியில சுத்தி நெத்தியிலயோ பிடரியிலயோ 15–20 நிமிஷம் வைங்க, நேரா தோல்ல வேண்டாம். வலி தொடங்கும்போது மாத்திரையோட ஒரு காபி குடிச்சா கஃபீன் வலிநிவாரணிக்குக் கை கொடுக்கும். ஆனா சாயங்காலத்துக்கு மேல வேண்டாம், தூக்கம் போயிடும். தூக்கம்தான் பாதிப் பேருக்கு வலிய முடிச்சு வைக்குது. தினமும் காபி குடிக்கிறவங்க திடீர்னு விட்டா 12–24 மணி நேரத்துல அதுவே தலைவலி. வலி நேரத்துல இருட்டு அறை நல்லதுதான், மத்த நாள்லயும் வீட்டுக்குள்ள கறுப்புக் கண்ணாடியோட திரிஞ்சா கண்ணு வெளிச்சத்துக்கு இன்னும் கூசும்.

நடுநிசி:

தூண்டுகாரணிப் பட்டியல்களை அப்படியே நம்பிச் சாப்பாட்டில் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போகாதீர்கள். வலிக்குச் சில மணி நேரமோ ஒரு நாளோ முன்பே கொட்டாவி, பிடரி இறுக்கம், இனிப்பு மேல் ஆசை எல்லாம் வரும். அந்த ஆசையில் சாக்லேட் தின்கிறோம், வலி வருகிறது, பழி சாக்லேட்டுக்கு. உண்மையில் தாக்குதல் அதற்கு முன்பே தொடங்கியிருக்கலாம். பட்டினியும் தூக்க நேர மாற்றமும்தான் உருப்படியாகக் கவனிக்க வேண்டியவை. விடுமுறை நாளிலும் அதே நேரத்துக்கு எழுந்திருங்கள்.

மாதவிடாய்க்கு 2 நாள் முன்பிருந்து அது தொடங்கி 3 நாள் வரை திரும்பத் திரும்ப வருகிறதென்றால் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் சரிவுதான் காரணமாக இருக்கும். அந்தச் சில நாளுக்கு மட்டும் நாப்ராக்சன் போடும் முறை உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். ஆரா வருபவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை எடுத்தால் பக்கவாத ஆபத்து கூடும்; இதை மறைக்காமல் சொல்லியாக வேண்டும்.

ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் பலவீனம், பேச்சுக் குழறல், அடிபட்ட பின் வரும் வலி, ஒரு மணி நேரத்தைத் தாண்டும் ஆரா: இவற்றுக்கு மாத்திரை தேட வேண்டாம், நேராக அவசரப் பிரிவு. 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வந்தால் மைக்ரேன் என்று நீங்களே பெயர் வைக்காமல் சீக்கிரம் மருத்துவரிடம் காட்டுங்கள்.

அரைமாத்திரை:

விட்டுப்போனது ஒன்று. ஐபுபுரூஃபன், நாப்ராக்சன், ஆஸ்பிரின் இவற்றில் ஒரு நேரத்துக்கு ஒன்றுதான், இரண்டைச் சேர்க்கக் கூடாது. சுமாட்ரிப்டானோடு நாப்ராக்சன் சேர்ப்பது வேறு விஷயம், மருத்துவர்களே எழுதுவார்கள். வலி மறுநாள் திரும்புபவர்களுக்கு அது உதவும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். அட்டையைத் திருப்பிப் பார்த்து, எல்லாம் சேர்த்து நாளுக்கு 4 கிராமைத் தாண்டாமல் கணக்குப் போடுங்கள்.