ஜெராக்ஸ் கடை வைஃபை: பாஸ்வேர்டை மாற்றினால் மட்டும் போதுமா?

கடைவீதி_ஜெராக்ஸ் (கேள்வி)

வணக்கம். மன்னார்குடியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பம், லேமினேஷன், ஸ்பைரல் பைண்டிங், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் உண்டு. கீழே கடை, மாடியில் வீடு. இரண்டுக்கும் ஒரே ஃபைபர் இணைப்புதான். ரவுட்டர் பெட்டி கல்லாவுக்கு மேலே சுவரில் மாட்டியிருக்கிறது.

பழைய காலத்துக் கனமான சுவர் என்பதால் கடைக்குள் பலருக்கும் சிக்னல் எடுக்காது. "அண்ணே, வாட்ஸ்அப்பில் பைல் அனுப்பணும், நெட் சுத்துது" என்பார்கள். ஒவ்வொருவருக்கும் பாஸ்வேர்டு சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், போன வருடம் அதை ஏ4 தாளில் பெரிதாக அடித்து லேமினேட் செய்து சுவரில் ஒட்டிவிட்டேன். கையில் லேமினேஷன் மிஷின் இருந்தால் புத்தி அப்படித்தான் போகும். பாஸ்வேர்டு என் போன் நம்பர். கனெக்‌ஷன் கொடுக்க வந்த தம்பி போட்டது, அப்படியே இருக்கிறது.

போன வியாழக்கிழமை காலை ஷட்டரைத் தூக்கினால், கலர் பிரிண்டர் ட்ரேயில் ஒன்பது தாள். ஒளிச்சேர்க்கை பற்றிய பள்ளிக்கூட ப்ராஜெக்ட். முழுப் பக்கத்துக்குப் பச்சை இலை, பெரிய சூரியன். மூன்று பக்கம், மூன்று தடவை. இரவு பிரிண்டரை அணைக்க மறந்திருக்கிறேன். மதியம் எதிர்சாரி வீட்டு அம்மா வந்தார். பையன் வீட்டில் உட்கார்ந்தபடி போனில் பிரிண்ட் கொடுத்திருக்கிறான், எங்கேயும் தாள் வரவில்லையே என்று திரும்பத் திரும்ப அமுக்கியிருக்கிறான். பாவம், ஒன்பது பக்கத்துக்கும் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

மை போனது போகட்டும். அன்றைக்கு மாலை ஒரு சந்தேகம் வந்து, என் போனில் ஃபைல் மேனேஜர் ஆப்பைத் திறந்து நெட்வொர்க்கில் தேடிப் பார்த்தேன். கடை கம்ப்யூட்டரில் "ஸ்கேன்" என்று ஒரு ஃபோல்டர் உண்டு, ஸ்கேன் செய்வதெல்லாம் அதில்தான் விழும். பாஸ்வேர்டே கேட்காமல் திறந்துகொண்டது. ஆதார், சாதிச் சான்றிதழ், கிரயப் பத்திரம், பாஸ்புக் முதல் பக்கம். மூன்று வருடச் சரக்கு. ஊரில் பாதிப் பேர் அதற்குள் இருக்கிறார்கள். சுவரில் இருக்கும் பாஸ்வேர்டை வைத்து யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம்.

அன்று இரவே பாஸ்வேர்டை மாற்றலாம் என்று உட்கார்ந்தேன். ஆனால் மறுபடி நாளைக்குக் கேட்கிறவர்களுக்குச் சொல்லத்தானே போகிறேன்? மைத்துனர் இன்னொரு கனெக்‌ஷன் வாங்கு என்கிறார். அவ்வளவு செலவு தேவையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபைபர்_தம்பி

அண்ணே, அந்தத் தம்பி நானில்லை, ஆனால் நானும் அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. "பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் சார்?" என்று கேட்டால் பத்துக்கு ஒன்பது பேர் "போன் நம்பரே வச்சிடு" என்பார்கள். இப்போது நானே மறுத்துவிடுகிறேன்.

இரண்டாவது கனெக்‌ஷன் வேண்டாம். உங்கள் பெட்டியிலேயே இரண்டு, மூன்று பெயரில் வைஃபை விட முடியும். கம்ப்யூட்டரில் பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடியுங்கள். சில பெட்டிக்கு 192.168.0.1 இருக்கும். பெட்டிக்கு அடியில் ஸ்டிக்கரில் முகவரி, யூசர் நேம், பாஸ்வேர்டு எல்லாம் அச்சடித்திருக்கும். முதல் வேலை, அந்த உள்ளே நுழையும் பாஸ்வேர்டை மாற்றுவது. வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. நிறையப் பேர் வைஃபையை மட்டும் மாற்றிவிட்டு இதை "அட்மின்" என்றே விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்குப் பூட்டு வாங்கிவிட்டு சாவியை நிலைப்படியில் வைத்த கதைதான்.

அப்புறம் "கெஸ்ட் நெட்வொர்க்", அதாவது வெளியாளுக்கான வைஃபை, என்று தனியாக இருந்தால் அதை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் வைஃபை பகுதியில் இரண்டாவது பெயர் ஒன்று அணைந்து கிடக்கும், அதை எழுப்புங்கள். வாடிக்கையாளருக்கு அது மட்டும். கம்ப்யூட்டர், பிரிண்டர், வீட்டு டிவி எல்லாம் முதல் பெயரில்.

இங்கேதான் ஒரு வம்பு. இரண்டாவது பெயர் வைத்துவிட்டால் தானாகப் பிரிந்துவிடும் என்று நினைக்காதீர்கள். பல பெட்டிகளில் "ஐசொலேஷன்" என்று தனி டிக் பெட்டி இருக்கிறது. அதைப் போடாவிட்டால் பெயர்தான் இரண்டு, உள்ளே ஒரே கூடம். சோதிக்க வழி: உங்கள் போனை கெஸ்ட்டில் போட்டு, அதே 192.168.1.1-ஐத் திறந்து பாருங்கள். அப்புறம் அந்த ஸ்கேன் ஃபோல்டரைத் தேடுங்கள். இரண்டில் எது திறந்தாலும் வேலை முடியவில்லை.

இன்னொன்று, போனில் வைஃபை பட்டியலைப் பாருங்கள். பிரிண்டரே தன் பெயரில் ஒரு வைஃபை விட்டுக்கொண்டிருக்கும். "டைரக்ட்" என்று ஆரம்பிக்கும். அதற்குப் பாஸ்வேர்டு 12345678 என்றிருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நிம்மதி_நாடி

இவ்வளவு எதற்கு? வைஃபை பெயரை மறைத்துவிடுங்கள், யாருக்கும் தெரியவே தெரியாது. கூடவே மேக் ஃபில்டர் போட்டு, அதாவது ஒவ்வொரு போனுக்கும் உள்ள மேக் முகவரி என்ற அடையாள எண்ணைப் பார்த்து, நம் போன்களை மட்டும் அனுமதியுங்கள். நான் ஐந்து வருடமாக இப்படித்தான், ஒரு பிரச்சினையும் இல்லை.

பழைய_லினக்ஸ்காரன்

நண்பர் மேலே சொன்ன இரண்டும் 2005 வாக்கில் எல்லோரும் சொன்னவை. பிரச்சினை வரவில்லை என்றால் யாரும் முயலவில்லை என்று அர்த்தம். பெயரை மறைத்தால், அந்தப் பெயரைத் தேடி உங்கள் போன்தான் போகிற இடமெல்லாம் கூவும். மேக் முகவரி காற்றில் மறைக்கப்படாமலே போகிறது. ஒட்டுக்கேட்கிறவன் அதை அப்படியே எடுத்துத் தன் லேப்டாப்புக்குச் சூட்டிக்கொள்வான். போதாததற்கு, ஆண்ட்ராய்டு 10-லிருந்து போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை மேக் முகவரியைக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. ஃபில்டர் போட்டால் உங்கள் வீட்டு ஆட்கள்தான் முதலில் வெளியே நிற்பார்கள்.

போன் நம்பர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பத்து இலக்கம் என்றால் பெரிது என்று பலர் நம்புகிறார்கள். போன் வைஃபையில் சேரும்போது ரவுட்டரோடு நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்ளும். அதைத் தெருவில் வண்டியில் உட்கார்ந்தபடி ஒருவன் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு மேல் உங்கள் கடைப் பக்கமே அவன் வரவேண்டாம். வீட்டில் வைத்து ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் பொருத்திப் பார்க்கலாம். இப்போது பெரும்பாலும் இருக்கும் டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பூட்டு முறையில் இது முடியும். நம் ஊர் மொபைல் நம்பர் 6, 7, 8, 9-இல்தான் தொடங்கும் என்பதால் மொத்தம் 400 கோடி வாய்ப்பு. விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் முயலும் என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள், 4,000 நொடி. ஒரு மணி ஏழு நிமிடம். உங்கள் விஷயத்தில் அதுவும் வேண்டாம், நம்பர் கடைப் பலகையிலேயே எழுதியிருக்குமே!

எனவே வீட்டு வைஃபைக்கு ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து எழுதுங்கள். 63 எழுத்து வரை இடம் இருக்கிறது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதினாலும் சரிதான், ழகரத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு ஸ்பெல்லிங் போட்டுச் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதுகாப்பு வகை என்று கேட்கும் இடத்தில் அதற்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 இருந்தால் அதுதான் நல்லது, மேலே சொன்ன வீட்டில் வைத்துப் பொருத்தும் வேலை அதில் நடக்காது. கடையில் பழைய விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் ஏதாவது இருந்தால் சேராது, அப்போது "டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்" என்பதைத் தேர்ந்தெடுங்கள். டபிள்யூஇபி, டிகேஐபி என்ற பழைய முறைகள் கண்ணில் பட்டால் தொடாதீர்கள். டபிள்யூஇபி 2001-லேயே உடைந்த பூட்டு.

பாஸ்வேர்டு அடிக்காமலே வைஃபையில் சேர்க்கும் வசதியான டபிள்யூபிஎஸ்ஸை அணையுங்கள். அதற்கென்று எட்டு இலக்க ரகசிய எண் உண்டு, கோடிக்கணக்கில் வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் ரவுட்டர் அதை முதல் நாலு, பின் நாலு என்று இரண்டாகப் பிரித்துச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்து கணக்கிட்டு வருவது. ஆகவே முயல வேண்டியது 10,000 கூட்டல் 1,000. மொத்தம் 11,000தான். 2011 டிசம்பரில் இது வெளியே வந்தது. இன்னும் பல பெட்டிகளில் ஆன் ஆகித்தான் வருகிறது.

இதையெல்லாம் செய்தாலும் ஒன்று: நீங்கள் ஒருவருக்குக் கொடுத்த பாஸ்வேர்டு அவரோடு நிற்காது. ஆண்ட்ராய்டு போனில் "ஷேர்" அமுக்கினால் ஒரு க்யூஆர் வரும், அதற்குள் பாஸ்வேர்டு எழுத்து எழுத்தாக அப்படியே இருக்கிறது. எதிர்வீட்டுப் பையனுக்கு உங்கள் சுவரைப் பார்க்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அதனால் கெஸ்ட் பாஸ்வேர்டை ரகசியமாக வைக்க மெனக்கெடாதீர்கள். ஊருக்கே தெரியும் என்று வைத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆடிட்டர்_ஆபீஸ்_அக்கா

தம்பி, தொழில்நுட்பம் எல்லாம் அவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் ஒரு பழைய சம்பவத்தை நினைவுபடுத்துகிறேன். 2008 ஜூலை 26 அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. தடம் பிடித்துப் போன போலீஸ் நவி மும்பையில் ஒரு அமெரிக்கர் குடியிருந்த வீட்டுக் கதவைத் தட்டியது. பூட்டாமல் கிடந்த அவர் வைஃபையை வேறு யாரோ பயன்படுத்தியிருந்தார்கள். 2009 ஜனவரியில் மும்பை போலீஸே திறந்து கிடக்கும் வைஃபையைத் தேடித் தெருவில் இறங்கியது. கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான் முதலில் வருவார்கள்.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பதை முறையாகவே செய்ய வேண்டும் என்றால் பிஎம்-வாணி என்ற மத்திய அரசின் பொது வைஃபை திட்டம் இருக்கிறது. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. டீக்கடை, மளிகைக்கடைகூட உரிமக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை கொடுக்கலாம். பயன்படுத்துகிறவர் தன் போன் நம்பரைச் சரிபார்த்துக்கொண்டுதான் உள்ளே வருவார். உங்களுக்கு அது தேவையா என்று யோசியுங்கள். பைல் வாங்க மட்டும் என்றால் கெஸ்ட் போதும்.

அதைவிட அவசரம் அந்த ஃபோல்டர். வைஃபை பிரச்சினை நாளைக்குத் தீரட்டும், மூன்று வருட ஆதாரை இன்று ராத்திரியே அழியுங்கள். வேலை முடிந்த ஸ்கேனை எதற்கு வைத்திருக்கிறீர்கள்? ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள்.

கடைவீதி_ஜெராக்ஸ்

எல்லோருக்கும் நன்றி. அக்கா சொன்னதைத்தான் முதலில் செய்தேன். 6,800 சொச்சம் ஃபைல். "மறுபடி வருவேன், வச்சிரு" என்று சொல்லிப் போனவர்களுடையது என்று நினைத்துக்கொண்டு வைத்திருந்தேன். மூன்று வருடத்தில் அப்படித் திரும்பி வந்தவர் இரண்டே பேர். ஃபோல்டர் பகிர்வில் "எவ்ரிஒன்" என்றிருந்ததை நீக்கிவிட்டு, ஸ்கேனருக்கென்று தனி யூசரும் பாஸ்வேர்டும் வைத்தேன். இனி கடை சாத்துமுன் ஃபோல்டரைக் காலி செய்வது, பிறகுதான் லைட்டை அணைப்பது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் பெட்டியில் உட்கார்ந்தேன். கெஸ்ட் பெயர் வைத்து, ஃபைபர் தம்பி சொன்னபடி போனில் சோதித்தால் 192.168.1.1 சொகுசாகத் திறந்தது. டிக் பெட்டி அடுத்த பக்கத்தில் ஒளிந்திருந்தது. போட்ட பிறகு திறக்கவில்லை. பிரிண்டரின் "டைரக்ட்" வைஃபை பாஸ்வேர்டும் தம்பி சொன்ன அதே எட்டு இலக்கம்தான், எனக்குச் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. அணைத்தாயிற்று. பிரிண்டரைக் கேபிளில் இணைத்துவிட்டேன்.

பழைய லேமினேஷனை உரித்தபோது சுண்ணாம்பும் கூடவே வந்துவிட்டது. அந்த இடத்தை மறைக்க, கெஸ்ட் பாஸ்வேர்டை இன்னும் பெரிதாக அடித்து ஒட்டியிருக்கிறேன்.

மாடியில்தான் கஷ்டம். 27 எழுத்துப் பாஸ்வேர்டை டிவி ரிமோட்டால் ஒவ்வொன்றாகத் தட்டி, இருபதாவது எழுத்தில் தப்பாகி, மறுபடி முதலிலிருந்து. சீரியல் ஆரம்பித்துவிட்டது என்று அம்மா பக்கத்தில் நின்றபடி நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஒரே ஒரு சந்தேகம். பெட்டியில் யூபிஎன்பி என்று ஒன்று ஆன் ஆகி இருந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று அணைத்தேன். அதிலிருந்து கடை கேமரா வெளியூரில் இருக்கும்போது போனில் தெரிவதில்லை. திரும்ப ஆன் செய்யட்டுமா?

ஃபைபர்_தம்பி

செய்யாதீர்கள் அண்ணே. அது உள்ளே இருக்கும் பெட்டிகள் உங்களைக் கேட்காமலே வெளி உலகுக்குக் கதவு திறக்கிற ஏற்பாடு. கேமரா பதிவாகும் பெட்டியான டிவிஆர் மெனுவில் க்ளவுட் அல்லது பி2பி என்று பாருங்கள், அதில் ஒரு க்யூஆர் வரும், கேமரா ஆப்பில் ஸ்கேன் செய்தால் போதும்.

அதற்கு முன் ஒரு கேள்வி. டிவிஆர் பாஸ்வேர்டு என்ன வைத்திருக்கிறீர்கள்? இங்கே எழுத வேண்டாம், மாற்றியிருக்கிறீர்களா என்று மட்டும் சொல்லுங்கள்.

கடைவீதி_ஜெராக்ஸ்

பத்து நிமிடம் கொடுங்கள் தம்பி.