குடும்பக் குழு: பெரிய வியாழன் வாசகங்கள்

அத்தை (காலை 6.10): எல்லோருக்கும் காலை வணக்கம். இன்று மாலைத் திருப்பலி வாசகங்கள்: விடுதலைப் பயணம் 12:1-8, 11-14, 1 கொரிந்தியர் 11:23-26, யோவான் 13:1-15. பூசைக்கு வருமுன் ஒருமுறை வாசித்துவிடுங்கள். கடைசி இராவுணவில் இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவியதை நினைத்து, பன்னிரண்டு பேரின் பாதம் கழுவும் சடங்குக்கு நம் பெரிய அண்ணனைப் பங்குச் சாமியார் அழைத்திருக்கிறார்!

பெரியப்பா (6.32): அழைத்தது உண்மைதான். வேறு யாரையாவது உட்கார வைக்கச் சொல்லலாம் என்று இருக்கிறேன். உப்பளத்தில் நின்று நின்று வெடித்த கால். ஊர் முன்னால் அதை எப்படி நீட்டுவது? இன்னொன்றும் இருக்கிறது. வேலித் தகராறுக்குப் பிறகு என்னிடம் முகம் கொடுத்துப் பேசாத அந்த மனிதரும் பன்னிரண்டு பேரில் ஒருவர். இருவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தால் அது வெறும் வேடம்.

அத்தை (6.35): சீடர் பேதுருவும் தம் காலைக் கழுவ விடாமல் முதலில் மறுத்தவர்தானே அண்ணா?

நான் (6.41): பெரியப்பா, காலைப் பற்றி மட்டும் கவலைப்படாதீர்கள். ஆண்டுதோறும் பார்க்கிறேன். எல்லோரும் வீட்டிலேயே கல்லில் தேய்த்து, நகம் வெட்டி, வெளுத்த வேட்டி கட்டி வந்து உட்காருகிறார்கள். சாமியார் கழுவுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை. இயேசு தொட்டது புழுதியில் நடந்து வந்த கால்களை. உப்பில் வெடித்த ஒரு குதிகாலாவது அந்த வரிசையில் இருக்க வேண்டும்.

பாளை மாமி (6.58): எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) கோயிலில் இன்று இரவு திருவிருந்து ஆராதனை. நானும் இதே யோவான் 13ஆம் அதிகாரத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி சொன்ன இரண்டாவது காரணம் என்னை யோசிக்க வைத்தது. கால் கழுவும்போது யூதாஸ் அங்கேதானே இருந்தான்?

மடத்துச் சித்தி (7.20): இருந்தான். காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவன் உள்ளத்தில் ஏற்கெனவே புகுந்துவிட்டது என்று 2ஆம் வசனம் சொல்கிறது. இயேசு எழுந்து துண்டைக் கட்டிக்கொள்வது 4இல். யூதாசு வெளியே போவது 30இல். அப்படியானால் அவன் காலையும் கழுவினார். இது நம் மனத்தில் பதியாமல் போவதற்கு வாசக ஒழுங்கும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். யூதாசு வெளியேறும் பகுதியைச் செவ்வாய்க்கிழமை பூசையிலேயே வாசித்துவிடுகிறோம். பாதம் கழுவுவது வியாழன் மாலையில் வருகிறது. முன்னது பின்னதாகிவிடுவதால், இன்று அவன் இல்லாத பந்தியாகவே நமக்குத் தோன்றுகிறது. இடையில் உள்ள 16 முதல் 20 வரையிலான வசனங்கள் ஈஸ்டரை ஒட்டி வரும் பாஸ்காக் காலத்தின் 4ஆம் வாரத்து வியாழனில்தான் வருகின்றன. வார நாள் பூசைக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?

பாளை மாமி (7.31): சிஸ்டர், அந்த இடைப்பட்ட வசனங்களில்தான் நான் நின்றுவிட்டேன். 18ஆம் வசனத்தைப் பாருங்கள். என்னோடு அப்பம் புசிக்கிறவனே என்மேல் தன் குதிகாலைத் தூக்கினான் என்று 41ஆம் சங்கீதத்தை ஆண்டவர் எடுத்துச் சொல்கிறார். சற்று முன்புதான் அந்தக் குதிகாலைத் தம் கையில் ஏந்திக் கழுவித் துடைத்திருக்கிறார்! எத்தனையோ லெந்து (தவக்கால) நாட்களில் வாசித்த அதிகாரம். இன்றுதான் இது நெஞ்சில் தைத்தது.

நான் (7.33): மாமி, சிலிர்த்துவிட்டது.

கோட்டயம் அக்கா (8.05): இங்கே சிரியன் கத்தோலிக்க வீடுகளில் இன்று இரவு பெசகா அப்பம் உண்டு. அரிசியும் உளுந்தும் அரைத்து, புளிக்க விடாமல் ஆவியில் வேகவைப்போம். மேலே குருத்தோலை ஞாயிறன்று வாங்கிய ஓலையைச் சிலுவையாக வைப்போம். செபம் சொல்லி, மாமனார் அப்பத்தை வெட்டித் தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த பாலோடு கொடுப்பார். அந்த ஆண்டில் சாவு நடந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மாமி சொன்னதும் 26ஆம் வசனத்தைத் தேடி எடுத்தேன். அப்பத்தைத் தோய்த்து யூதாசுக்கும் கொடுக்கிறார்! இன்று பாலில் தோய்த்துத் தின்னும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது.

அத்தை (8.20): சிஸ்டர், இந்த முறை எங்கள் பன்னிரண்டு பேரில் பெண்களும் இருக்கிறார்கள். ஒருசிலர் முணுமுணுக்கிறார்கள்.

மடத்துச் சித்தி (8.34): முணுமுணுக்க ஒன்றும் இல்லை. 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் அந்த விதியையே மாற்றிவிட்டார். இறைமக்களில் யாரையும் தேர்ந்துகொள்ளலாம்: ஆண், பெண், முதியோர், இளையோர், நோயாளிகள். அதற்கு முன்பே 2013இல், பொறுப்பேற்ற அதே மாதத்தில், ரோமையில் உள்ள சிறார் சிறைக்குப் போய்ப் பன்னிரண்டு பேரின் பாதங்களைக் கழுவினார். அவர்களில் பெண்களும் இஸ்லாமியரும் இருந்தார்கள். தகுதி பார்த்துத் தேர்ந்தெடுத்த வரிசை அல்ல அது. பெரிய அண்ணன், உங்கள் பக்கத்து நாற்காலிக்காரரோடு இன்றே சமாதானமாகிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சமாதானம் ஆன பிறகுதான் உட்காரலாம் என்ற நிபந்தனை யோவான் 13இல் இல்லை, அவ்வளவுதான்.

பெரியப்பா (9.15): எல்லாவற்றையும் வாசித்தேன். மாமி சொன்ன வசனத்தையும் எடுத்துப் பார்த்தேன். வேலி விஷயத்தில் என் பக்கம்தான் நியாயம் என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. ஆனாலும் உட்காருகிறேன். சாமியாரிடம் வேறு ஆளைக் கேட்கப் போவதில்லை.

அத்தை (9.17): ஆண்டவருக்குத் தோத்திரம். பூசை மாலை ஆறு மணிக்கு, பன்னிரண்டு பேரும் ஐந்தரைக்கே முன்வரிசைக்கு வந்துவிட வேண்டும் அண்ணா. நற்கருணை ஆராதனையில் நம் அன்பியத்துக்கு (அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் குழுவுக்கு) இரவு பத்திலிருந்து பதினொன்று வரை. மாமி, உங்கள் ஆராதனை முடிந்து பஸ் கிடைத்தால் நீங்களும் வாருங்கள். அந்த 18ஆம் வசனத்தை அங்கே நீங்களே வாசிக்க வேண்டும்.